கைப்பிடி அரிசியில் எழுந்த சபை

"எங்கள் சபையில் ஒன்றுமே சரியில்லை" என்று அலுத்துக் கொள்கிறவர்கள் உண்டு. இருக்கிற நல்லதைக் கண்டெடுத்து, அதையே விதையாக்கிச் சபையைத் திருத்தியவர்களும் உண்டு. அவர்களுடைய கதை இது.

கோயில் காரியம் பேசக் கூட்டம் போடுகிறார்கள். சபையார் வந்து உட்காருகிறார்கள். ஜெபம் முடிகிறது. உடனே குறைப் பட்டியல் ஆரம்பம்!

"வாலிபர்கள் கோயிலுக்கு வருவதில்லை."

"காணிக்கை போதவில்லை."

"பாட்டுக் குழு தூங்குகிறது."

"கூரை ஒழுகுகிறது. கேட்பார் இல்லை."

ஒருவர் சொன்னதை மற்றொருவர் மறுக்கிறார். குரல் ஏறுகிறது. பழைய சண்டைகள் எல்லாம் எழுந்து வருகின்றன. கடைசியில் பழி ஆயர் தலையில் விழுகிறது. ராத்திரி எல்லோரும் தலைவலியோடு வீடு திரும்புகிறார்கள். அடுத்த வருஷம் மறுபடியும் அதே கூட்டம், அதே பட்டியல்!

கிறிஸ்தவ சபையில் மட்டும்தானா இப்படி? இல்லை. கோயில் திருப்பணிக் கமிட்டியிலும், பள்ளிவாசல் ஜமாஅத்திலும், மாதர் சங்கத்திலும் இதே கதைதான். ஆகவே இந்தக் கட்டுரை எல்லோருக்கும் பொது.

குறையைச் சொல்லக் கூடாதா? தாராளமாகச் சொல்லலாம். ஆனால் குறையைச் சொன்னதினால் மட்டும் குறை தீர்ந்து விடுவதில்லை. "நீ உதவாக்கரை, நீ உதவாக்கரை" என்று தினமும் சொல்லி வளர்த்த பிள்ளை என்ன ஆகும்? உதவாக்கரையாகத்தான் ஆகும். சபையும் அப்படித்தான். "நம்மால் ஒன்றும் ஆகாது" என்று கேட்டுக் கேட்டு, உண்மையிலேயே ஒன்றும் ஆகாமல் போய்விடும்.

அப்படியானால் என்ன செய்வது? கேள்வியை மாற்ற வேண்டும். "நம்மிடம் என்ன இல்லை?" என்று கேட்பதை விட்டு, "நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்க வேண்டும்.

இது என்ன பெரிய வித்தை என்று நினைக்கிறீர்களா? இந்த ஒரு கேள்வியை வைத்துக் கொண்டு, ஏழையிலும் ஏழைகளான ஜனங்களைத் தலைநிமிரச் செய்தார் ஒருவர். அவர் ஒரு தமிழர்!

வெள்ளாளன்விளைப் பிள்ளை

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், பனைமரங்கள் நிறைந்த செம்மண் தேரிப் பக்கத்தில் வெள்ளாளன்விளை என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே 1874-ம் வருஷம் ஆகஸ்டு 17-ந் தேதி ஒரு ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் அந்த ஊர்க் கோயிலின் ஆயர். பிள்ளைக்குப் பதினைந்து வயது நடக்கும்போது அவர் காலமானார். தாயார்தான் கண்டிப்போடு வளர்த்து ஆளாக்கினார்.

அந்தப் பிள்ளைதான் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார் அசரியா. ஆனால் பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து தென்னிந்தியா எங்கும் சுற்றினார்.

1902-ல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கே ஒரு காட்சி அவர் மனத்தைத் தைத்தது. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தச் செலவில், கடல் கடந்து, தமிழ்நாட்டுக்கு ஊழியம் செய்ய ஆள் அனுப்பிக் கொண்டிருந்தார்கள்!

திருநெல்வேலிச் சீமையிலோ ஆயிரம் ஆயிரமாகக் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடங்களும் கோயில்களும் நிறைய இருந்தன. ஆனாலும் பெரிய காரியம் என்றால், "சீமையிலிருந்து பணம் வரட்டும், வெள்ளைக்காரத் துரை வரட்டும்" என்று காத்திருக்கும் வழக்கம் போகவில்லை.

"நம்மிடம் ஆள் இல்லையா? பணம் இல்லையா? காரியத்தை நடத்த அறிவுதான் இல்லையா?" என்ற எண்ணம் பிறந்தது. மறு வருஷமே, 1903 பிப்ரவரி 12-ந் தேதி, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உதயமாயிற்று. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம்: இதுவே அதன் கொள்கை.

அந்தச் சங்கம் தேர்ந்தெடுத்த இடம் தெலுங்கு தேசம். நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல் பகுதி. இன்று அது தெலங்கானாவில் இருக்கிறது.

கூடாரத்தில் குடியிருந்த அத்தியட்சர்

நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1909-ல் அசரியா தாமே தோர்ணக்கல்லுக்குப் புறப்பட்டார். மனைவி அன்பு மாரியம்மாளும் குழந்தைகளும் கூடவே வந்தார்கள். தென்னாட்டில் அந்தக் காலத்திலேயே கல்லூரி வாசல் மிதித்த பெண்களில் அன்பு மாரியம்மாளும் ஒருவர். காட்டு ஊரில் முதலில் கூடாரத்தில்தான் குடித்தனம்! முப்பத்தைந்து வயதில் தெலுங்கு அரிச்சுவடியைக் கையில் எடுத்தார் அசரியா.

1912 டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தாவில் அவருக்கு அத்தியட்சர் பட்டாபிஷேகம் நடந்தது. அத்தியட்சர் என்றால் பிஷப், பல சபைகளுக்குத் தலைவர். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்தப் பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே.

பதவி பெரிது. ஆனால் அவருக்குக் கிடைத்த சபையார் யார் தெரியுமா?

பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்ற தீண்டப்படாத வகுப்பினர். நிலமில்லாத கூலிகள். எழுத்து வாசனை அறியாதவர்கள். ஊருக்கு வெளியே சேரியில் வசித்தவர்கள். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமை இல்லாதவர்கள். கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர்களும் உண்டு.

அழுக்கு, நோய், கடன், குடி: இவை நான்கும் இந்த ஜனங்களைப் பிடித்த நான்கு பேய்கள் என்று அசரியா சொல்லுவார். குறைகளை அவர் பார்க்காமல் இல்லை. நன்றாகவே பார்த்தார்.

ஆனால் அதோடு நிற்கவில்லை. மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார். சேரியில், அந்த ஜனங்களோடு உட்கார்ந்து பேசினார். கேள்வி கேட்டார். அவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். அப்போது, வெளியில் இருந்து பார்த்தவர்கள் காணாத சிலவற்றை அவர் கண்டார்.

அவர்கள் பாடுவார்கள், ஆடுவார்கள். கதை சொல்லத் தெரிந்தவர்கள். வயிறு காய்ந்தாலும் வந்தவருக்கு ஒரு வாய் கொடுக்கிறவர்கள். மண்ணையும் பயிரையும் அறிந்தவர்கள். ஒரு விஷயம் மனத்தில் பதிந்துவிட்டால் அதை நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

இவைதாம் அவர்களுடைய சொத்து. இந்தச் சொத்தை முதலாகப் போட்டுத்தான் அசரியா தமது வியாபாரத்தைத் தொடங்கினார்!

ஒரு பிடி அரிசி

"ஏழைகளிடம் காணிக்கை கேட்பதா? பாவம் அல்லவா?" என்று பலர் கேட்டார்கள்.

அசரியாவின் எண்ணம் வேறு. வாங்குவதற்கு மட்டுமே கையை நீட்டிப் பழகியவன் என்றும் பிச்சைக்காரன். கொடுப்பதற்குக் கையை நீட்டியவன் மனிதன். ஏழையிடம் கேட்காமல் விடுவது தயவு அல்ல, அவனை அவமதிப்பதாகும்.

ஆனால் காசு எங்கே இருக்கிறது? கூலியே தானியமாகத்தான் கிடைக்கும். சரி, காசு வேண்டாம். சமைக்கும்போது ஒரு பிடி போதும்!

வீட்டுப் பெண் உலையில் அரிசியோ தானியமோ போடும்போது, அதில் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். வாரக் கடைசியில் அந்தப் பானை கோயிலுக்குப் போகும். இதுதான் கைப்பிடி அரிசிக் காணிக்கை. திருநெல்வேலிச் சீமைப் பெண்களுக்கும் பழக்கமான காணிக்கைதான் இது.

ஒரு பிடி என்ன பெரிய தொகை என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வேளைக்கு ஒரு பிடி, நாளைக்கு இரண்டு வேளை. ஒரு வீட்டில் மாதம் 60 பிடி. நூறு வீடு சேர்ந்தால் 6,000 பிடி! சிறு துளி பெரு வெள்ளம் என்பது இதுதானே?

அரிசியைவிடப் பெரிய லாபம் வேறு ஒன்று இருந்தது. கோயில் நிர்வாகத்தில் அதுவரை வாய் திறக்காத பெண்கள், கோயிலைத் தாங்கும் தூண்களாக ஆனார்கள். "இது எங்கள் அரிசியில் நடக்கும் கோயில்" என்ற பெருமை வந்தது. பெருமை வந்த இடத்தில் பொறுப்பும் வந்தது.

அறுவடை முடிந்ததும் அறுப்பின் பண்டிகை வரும். தானிய மூட்டை, பூசணிக்காய், கோழி, ஆடு என்று அவரவர் விளைத்ததையும் வளர்த்ததையும் ஜனங்கள் கொண்டு வருவார்கள். ஏலம் நடக்கும். பாட்டும் மேளமும் அமர்க்களப்படும். காணிக்கை கொடுப்பதே திருவிழாவாக ஆகிவிட்டது!

கிழக்கே மிசோராம் மலையிலும் இதே அதிசயத்தைக் காணலாம். அங்கே உள்ள கிறிஸ்தவப் பெண்கள் 1910-ல் இந்தக் கைப்பிடி அரிசிக் காணிக்கையைத் தொடங்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் பானை காலியாகவில்லை. இன்று அந்த அரிசி விற்ற பணம் கோடிக்கணக்கில் சேருகிறது.

எழுதத் தெரியாதவரும் ஆசிரியர்!

சேரி ஜனங்களுக்குப் படிப்பு இல்லை. ஆனால் வாய் இருந்தது, பாட்டு இருந்தது, ஞாபகசக்தி இருந்தது.

ஆகவே போதனைகளைப் பாட்டாகவும் கதையாகவும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒருவர் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். நாடகம் போட்டார்கள். தெலுங்கு மெட்டுக்களும் தாளங்களும் கோயிலுக்குள் நுழைந்தன. ஆங்கில ராகத்தில் பாடத் திணறிய ஜனங்கள், தங்கள் ராகத்தில் பாடச் சொன்னதும் கூரை அதிரப் பாடினார்கள்.

ஞானஸ்நானம் பெறுகிறவர்கள், தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைத்து, தாங்கள் அறிந்ததைப் பிறருக்குச் சொல்லுவோம் என்று பிரதிக்ஞை செய்ய வேண்டும். இதில் ஆண் பெண் என்ற பேதமில்லை. படித்தவர் படிக்காதவர் என்ற பேதமும் இல்லை. நேற்றுவரை "உனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லப்பட்டவன், இன்று பிறருக்குச் சொல்லித் தருகிறவன் ஆகிவிட்டான்!

கிராமத்து உபதேசியார்களுக்குத் தோர்ணக்கல்லில் பயிற்சி நடந்தது. அங்கேயும் ஒரு புதுமை. கணவன் மட்டும் வந்தால் போதாது, மனைவியும் வர வேண்டும். இருவருக்கும் படிப்பு உண்டு. குழந்தை வளர்ப்பு, சுத்தம், வைத்தியம் எல்லாம் பெண்கள் கற்றார்கள். ஆண்களுக்குத் தோட்ட வேலையும் உண்டு. படித்துவிட்டோம் என்று மண்வெட்டியைக் கீழே போட்டுவிடக் கூடாது அல்லவா?

வாழைப்பூத் தூண்கள்

தோர்ணக்கல்லில் அசரியா கட்டிய பெரிய கோயிலைப் பார்த்தால் அவருடைய கொள்கை கண்ணுக்கே தெரியும். பல வருஷம் வேலை நடந்து, 1939 ஜனவரி 6-ந் தேதி அது பிரதிஷ்டை செய்யப்பட்டது.

இங்கிலாந்திலிருந்து ஒரு படத்தை வரவழைத்து அதே மாதிரி கட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. உள்ளே தூண்கள் நம் கோயில் மண்டபத் தூண்களைப் போல் நிற்கின்றன. மேலே மசூதியை நினைவூட்டும் கும்மட்டங்கள் எழும்புகின்றன. தூண்களில் வாழைப்பூவும் தாமரையும்!

வாழைப்பூ எதற்கு? வாழை குலை தள்ளியதும் மடிகிறது. ஆனால் மடியுமுன் கனியைக் கொடுத்துவிடுகிறது. பக்கத்தில் கன்றையும் விட்டுச் செல்கிறது. பிறருக்காகத் தன்னைக் கொடுப்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எது? புத்தகம் படிக்காத கூலிக்காரனுக்கும் அந்தத் தூண் பாடம் சொல்லும். அவன் தோட்டத்தில் பார்த்த பூ அல்லவா அது!

குறையை மூடி மறைத்தாரா?

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். "நல்லதையே பார், நல்லதையே பேசு என்றால், கெட்டதை மூடி மறைப்பது ஆகாதா?"

நியாயமான சந்தேகம். அசரியா என்ன செய்தார் என்று பார்ப்போம்.

மாலரும் மாதிகரும் ஒருவருக்கொருவர் தீட்டு. ஊரார் இருவரையும் ஒதுக்கினார்கள். ஆனால் இவர்களோ ஒருவரை ஒருவர் ஒதுக்கினார்கள்! சபைக்குள் வந்த பிறகும் அந்தச் சுவர் இடியவில்லை. அசரியா இதைக் கண்டும் காணாதவர் போல் இருக்கவில்லை. சபை ஒன்று, பந்தி ஒன்று என்று வற்புறுத்தினார். நற்கருணைப் பாத்திரம் இருவருக்கும் ஒன்றே.

முழு வெற்றி கிடைத்ததா? இல்லை. சாதி அவ்வளவு சுலபத்தில் சாகிற பேய் அல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "நீங்கள் சாதி வெறியர்கள்" என்று திட்டிக் கொண்டிருந்தால் அவர்கள் அவரை விட்டு விலகியிருப்பார்கள். "நீங்கள் கொடுக்கத் தெரிந்தவர்கள், பாடத் தெரிந்தவர்கள், கற்பிக்கத் தெரிந்தவர்கள். இவ்வளவு பெரியவர்களுக்கு இந்தச் சின்னப் புத்தி எதற்கு?" என்பது அவர் கைக்கொண்ட வழி. பலத்தின்மேல் நிற்கச் செய்துவிட்டுத்தான் பலவீனத்தைத் தொட்டார்.

குடியை விட்டார்கள். குடிசையைச் சுத்தமாக வைத்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். எல்லாரும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆனால் மாறியவர்களைக் கண்ட அக்கம்பக்கத்து மேல்சாதிக் குடியானவர்கள் அதிசயப்பட்டார்கள். அவர்களிலும் பலர் 1930-களில் சபையைத் தேடி வந்தார்கள்.

மதமாற்றம் பற்றி அந்த வருஷங்களில் காந்தியடிகளுக்கும் அசரியாவுக்கும் பலத்த அபிப்பிராய பேதம் இருந்தது உண்மை. அந்த வாதம் வேறு. சபைக்குள் வந்துவிட்ட ஏழைகளை அவர் எப்படி நடத்தினார், எப்படி உயர்த்தினார் என்பதே நமக்கு இங்கே பாடம்.

1941-ல் தோர்ணக்கல் திருமண்டலத்துச் சபையார் தொகை சுமார் 2,25,000. திருமண்டலத்தின் எல்லை விரிந்ததும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் இவ்வளவு பேரையும் தாங்கி நின்றவர்கள், பெரும்பாலும் அந்த மண்ணிலேயே பிறந்த ஆயர்களும் கிராம உபதேசியார்களுமே. 1945-ம் வருஷப் பிறப்பன்று, தாம் நேசித்த தோர்ணக்கல்லிலேயே அசரியா கண்மூடினார்.

அமெரிக்காவில் ஒரு சமையற்காரி

"அது அந்தக் காலம். இந்தக் காலத்துக்குச் சரிப்படுமா?" என்று கேட்கிறீர்களா? ஐம்பது வருஷம் தள்ளி, அமெரிக்காவுக்குப் போவோம்.

இந்தியானா மாகாணத்தில் சவுத் பெண்ட் என்ற நகரம். அங்கே ஏழைகள் வசிக்கும் பகுதியில் பிராட்வே சபை என்று ஒரு மெதடிஸ்ட் கோயில். 1991-ல் மைக் மேதர் என்பவர் அதற்கு ஆயராக வந்தார். அந்தக் கோயிலில் ஏழைகளுக்கு உணவுப் பொருள் இலவசமாகக் கொடுத்து வந்தார்கள். நல்ல காரியம்தானே?

பொருள் வாங்க வருகிறவர் ஒரு நமூனாவைப் பூர்த்தி செய்ய வேண்டும். வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு, கஷ்டம் என்ன என்று அதில் கேள்விகள். எல்லாம் "உன்னிடம் என்ன இல்லை?" என்ற ரகம்!

ஒரு பெந்தெகொஸ்தே பண்டிகையன்று, தேவ ஆவி ஆண் பெண், கிழவர் வாலிபர் எல்லார்மேலும் இறங்குகிறது என்று ஆயர் பிரசங்கம் செய்தார். ஆராதனை முடிந்ததும் சபையைச் சேர்ந்த ஒரு பெண்மணி அவரிடம் வந்தார். எல்லாரிடமும் வரம் இருக்கிறது என்றால், பொருள் வாங்க வரும் ஏழைகளிடம் அதைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை கூடக் கேட்பதில்லை என்று போட்டார் ஒரு போடு!

ஆயர் யோசித்தார். நமூனா மாறியது. "உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலைகள் எவை? மற்றவருக்குக் கற்றுக் கொடுக்கக் கூடியது எது?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

உணவுப் பொருள் வாங்க வந்த ஒரு பெண், "நான் நன்றாகச் சமைப்பேன்" என்றார். "அப்படியா? எங்களுக்கு ஒரு நாள் சமைத்துப் போடுங்களேன்" என்றார்கள். சமைத்தார். சாப்பிட்டவர்கள் விரலைச் சப்பினார்கள்! அடுத்த கூட்டத்துக்கு அவரையே சமைக்கச் சொல்லிக் கூலி கொடுத்தார்கள். பிறகு வெளியார் விருந்துக்கும் அழைப்பு வந்தது. முடிவில் அந்த அம்மாள் சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடையே திறந்தார்.

நேற்று அரிசி பருப்புக்கு வரிசையில் நின்றவர், இன்று பத்துப் பேருக்குச் சோறு போடுகிறவர்! நடந்த மாயம் என்ன? ஒரே ஒரு கேள்வி மாறியது. அவ்வளவுதான்.

மேதர் பிறகு இண்டியானாபோலிஸ் நகரத்தில் உள்ள பிராட்வே என்ற அதே பெயருள்ள வேறு ஒரு சபைக்குப் போனார். அங்கே ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். அவருக்கு என்ன வேலை தெரியுமா? தெருத் தெருவாகப் போய், ஜனங்களோடு பேசி, யாரிடம் என்ன திறமை இருக்கிறது என்று கேட்டு வருவது! தோட்டம் போடுகிறவர் யார், தையல் தெரிந்தவர் யார் என்று கண்டுபிடித்து, ஒருவரை ஒருவருக்கு அறிமுகப்படுத்துவது. இந்த அனுபவங்களை எல்லாம் 2018-ல் மேதர் ஒரு புத்தகமாகவே எழுதினார்.

நாலு படிகள்

இந்த முறைக்கு ஒரு சாஸ்திரமும் உண்டு. 1980-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் டேவிட் கூப்பர்ரைடர் என்ற மாணவர், அங்குள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியைப் பற்றி ஆராய்ச்சி செய்து வந்தார். டாக்டர்களிடம் அவர்களுடைய வெற்றிகளையும் தோல்விகளையும் விசாரித்தார். வெற்றிக் கதைகளைச் சொல்லும்போது அவர்கள் முகமே மலர்ந்ததைக் கண்டார். "இந்த நல்லதை மட்டும் தொடர்ந்து விசாரித்தால் என்ன?" என்று தோன்றியது. அவருடைய பேராசிரியர் சுரேஷ் ஸ்ரீவஸ்தவா உற்சாகம் கொடுத்தார். 1987-ல் இருவரும் சேர்ந்து இந்த முறையைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். தமிழில் "மெச்சி விசாரித்தல்" என்று சொல்லலாம். இன்று உலகத்தில் பல கிறிஸ்தவ சபைகள் இதைக் கையாளுகின்றன.

இதற்கு நாலு படிகள்.

முதல் படி, கண்டெடுப்பது. சபை மிக நன்றாக இருந்த நாட்களை விசாரிப்பது.

இரண்டாவது படி, கனவு காண்பது. அந்த நல்லது பெருகினால் நம் சபை எப்படி இருக்கும் என்று சேர்ந்து நினைப்பது.

மூன்றாவது படி, திட்டம் போடுவது. யார், எதை, எப்போது செய்வது என்று முடிவு கட்டுவது.

நாலாவது படி, நடத்துவது. நடத்தி, பார்த்து, திருத்தி, மேலும் நடத்துவது.

அசரியா இந்தச் சாஸ்திரத்தைப் படித்தவர் அல்ல. ஆனால் இதன் சாரம் அவருக்குத் தெரிந்திருந்தது!

உங்கள் சபையில் எப்படிச் செய்வது?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. கூட்டம் போட்டு மேடையில் பேச வேண்டாம். இரண்டு இரண்டு பேராக உட்காருங்கள். ஒரு பாட்டியும் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் ஜோடியாக இருந்தால் இன்னும் விசேஷம். ஒருவரை ஒருவர் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: இந்தக் கோயிலில் உங்களால் மறக்க முடியாத நல்ல நாள் எது? அன்று என்ன நடந்தது? யார் யார் கூட இருந்தார்கள்?

இரண்டு: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலைகள் மூன்று சொல்லுங்கள்.

மூன்று: எல்லாம் மாறினாலும் நம் சபையில் எது மட்டும் மாறக் கூடாது?

பதிலைக் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். நடுவில் வாதம் செய்யாதீர்கள். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து வாசியுங்கள். ஆச்சரியம் காத்திருக்கும்!

வெள்ளம் வந்த வருஷம் கோயிலிலேயே கஞ்சி காய்ச்சி ஊருக்கு ஊற்றியதைப் பலர் சொல்லியிருக்கலாம். அப்படியானால் உங்கள் சபையின் பலம் பிறர் பசி தீர்ப்பதில் இருக்கிறது என்று அர்த்தம். அங்கிருந்து ஆரம்பியுங்கள். "வாலிபர் வரவில்லை" என்று புலம்புவதை விட்டு, அந்தக் கஞ்சிப் பானையை மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். அகப்பை பிடிக்க வாலிபர்களைக் கூப்பிடுங்கள். பிரசங்கத்துக்கு வராதவனும் பரிமாற வருவான். வந்தவனை எப்படி நிறுத்திக் கொள்வது என்பது உங்கள் அன்பைப் பொறுத்தது.

ஒரு எச்சரிக்கை! இந்த முறை சர்வரோக நிவாரணி அல்ல. காணிக்கைக் கணக்கில் மோசடி நடந்தால் கணக்கைத்தான் கேட்க வேண்டும். ஒருவருக்கு அநியாயம் நடந்தால் நியாயத்தைத்தான் வழங்க வேண்டும். புண்ணை ஆற்றாமல் மேலே பட்டுத் துணியைப் போர்த்தக் கூடாது. "நல்லதைப் பேசுவோம்" என்று சொல்லி, பாதிக்கப்பட்டவர் வாயை அடைப்பது பாவம்.

ஆனால் ஒன்று. வைத்தியர்கூட நோயாளி உடம்பில் மிச்சம் இருக்கும் பலத்தைப் பார்த்துத்தான் மருந்து கொடுக்கிறார். பலத்தை அறியாமல் கொடுத்த மருந்து ஆளையே கொன்றுவிடும். சபையும் ஓர் உடம்புதான்.

இருப்பதை விட்டுவிட்டுப் பறப்பதைப் பிடிக்க ஆசைப்படாதே என்பது நம் பெரியோர் வாக்கு. தோர்ணக்கல் பெண்களிடம் பொன் இல்லை, வெள்ளி இல்லை. ஒரு பிடி தானியம் இருந்தது. அதை எண்ணினார்கள். அதைக் கொடுத்தார்கள். அதிலே ஒரு சபை எழுந்தது.

அடுத்த கூட்டத்தில் குறைப் பட்டியலை வாசிக்க யாராவது எழுந்தால், பொறுமையாகக் கேளுங்கள். முடிந்ததும் இப்படிச் சொல்லுங்கள்: "சரி ஐயா, இல்லாததை எல்லாம் எண்ணியாயிற்று. இனி இருப்பதை எண்ணுவோமா?"